வாயோரக் கோடுகள்

ஐப்பசி மாதத்து ஒரு திங்கட்கிழமை, நண்பகலில், ஆரோக்கியமேரி கொல்லிமலையில் வந்து இறங்கினாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவில் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தவள், மீதி நாற்பதையும் கண்ணை மூடிக்கொண்டே கடந்திருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இருபத்து நான்கு வருடச் செவிலியர் வேலையில் இது ஏழாவது மாறுதல். திண்ணனூர் நாடு என்ற மலைப்பகுதியில் புளியங்குழி என்னும் சிற்றூர். அதன் ஆரம்ப சுகாதார நிலையம். ஆறு கட்டில் போட்ட ஒரு வார்டு, பிரசவ அறை, டாக்டர் அறை, கோடியில் ஜன்னலே இல்லாத ஒரு டூட்டி ரூம். கட்டடத்தைச் சுற்றி சில்வர் ஓக் மரங்கள். அவற்றில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. மூடுபனி மரங்களின் இடுப்பு வரை நின்றிருந்தது. நடுப்பகலிலும் வராந்தாவில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

பையை வாங்கிக்கொள்ள வந்தவர் சின்னுசாமி. மலைக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், அந்த ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன், சீட்டு எழுதுபவர், எடுபிடி எல்லாம் அவர்தான். வாய் நிறைய வெற்றிலை.

"ஏனுங்க சிஸ்டரம்மா, பஸ்ஸுல ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்களாட்ட இருக்குது."

"ஆமாங்கண்ணே. பழக்கமில்ல."

அவர் அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"மத்தியானத்துல அசந்தா குவாட்டர்ஸுக்குப் போயிப் படுங்க. டூட்டி ரூமுல மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"ஈரமுங்க" என்றார். வெற்றிலையை மென்றபடி முன்னால் நடந்தார்.

அவர் எதைப் பார்த்தார் என்று மேரிக்குத் தெரியும். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். மூக்கின் இரு பக்கத்திலிருந்தும் இறங்கி, வாயோரத்தைச் சுற்றிக்கொண்டு, தாடை வரைக்கும் ஓடிய இரண்டு ஆழமான கோடுகள். அவற்றால் அவள் சும்மா இருக்கும்போதும் கோபமாக இருப்பதுபோலத் தெரியும். கல்யாண வீடுகளில் யாராவது ஒருத்தி, "ஏன் மேரி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்காமல் போக மாட்டாள். கணவர் சவரிமுத்து கொள்ளைநோய் வருடத்தில் போனார். பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான பிணங்களுக்குத் தாடை கட்டிவிட்டவளுக்குத் தன் வீட்டுக்காரரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வழியில்லை. அந்த வருடத்துக்குப் பின் கோடுகள் இன்னும் ஆழமாகிவிட்டன.

மகள் ரோஸ்லின் கோயம்புத்தூரில் ஒரு தோல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்தாள். மலைக்குக் கிளம்பும்போது ஒரு கிரீம் டப்பாவைப் பையில் திணித்திருந்தாள். "வாயைச் சுத்தித் தடவும்மா. ரெண்டு வேளை. மூணு வாரத்துல கோடு மங்கிடும்." மேரி தலையாட்டி வைத்தாள். அதற்கெல்லாம் தெம்பு எங்கே இருக்கிறது?

*

முதல் வாரம் குவாட்டர்ஸில்தான் படுத்தாள். அது ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றத்தில் இருந்தது. இரண்டாவது வாரம் ஒருநாள் எண்பது பேர் புறநோயாளிகள் வந்தார்கள். இளம் டாக்டர் விஷ்ணு ஒரு கூட்டத்துக்காக மலையிறங்கிப் போயிருந்தார். இன்னொரு செவிலியர் வேண்டுமென்று எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மணி இரண்டாகிவிட்டது. வெளியே பனி, சுவர்போல நின்றது. அந்த ஏற்றத்தை நினைத்ததுமே அவள் முழங்கால் வலித்தது.

டூட்டி ரூமுக்குள் போய் இரும்புக் கட்டிலில் சாய்ந்தாள். பத்து நிமிடம் போதும் என்றுதான் நினைத்தாள்.

முதலில் வந்தது மணம். டெட்டால் நெடியை விலக்கிக்கொண்டு விளக்கெண்ணெயின் கனத்த மணம் மெல்ல வந்தது.

பிறகு ஒரு கட்டைவிரல்.

அது அவள் மூக்கின் ஓரத்தில் பதிந்தது. சொரசொரப்பான, காய்ப்புக் காய்த்த விரல். எண்ணெயின் வெதுவெதுப்பு. கோட்டின் மேலேயே மெதுவாக இறங்கி, வாயோரத்தைச் சுற்றி, தாடையில் நின்றது. மறுபடி மேலே போனது. மறுபடி இறங்கியது.

மேரிக்குப் பாதித் தூக்கம். கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஐந்து வருடமாக அவள் முகத்தை எந்தக் கையும் தொட்டதில்லை.

காதருகே ஒரு பெண் குரல், மூச்சுக்காற்றைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

"போதுங் கண்ணு... போதும்."

விழித்தபோது மணி நான்கரை. அறையில் யாரும் இல்லை. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. கனவு என்று எழுந்து முகம் கழுவினாள். பல மாதங்களில் முதல்முறையாக அவளுக்கு எங்கும் வலிக்கவில்லை.

மறுநாளும் போய்ப் படுத்தாள். அதற்கு மறுநாளும்.

*

"அம்மா!" என்று வீடியோ காலில் ரோஸ்லின் கூவினாள். "பத்து வயசு குறைஞ்சு போச்சும்மா உனக்கு. கோடெல்லாம் எங்க? நான்தான் சொன்னேன்ல, அந்த கிரீம் வேலை செய்யும்னு."

மேரி போனின் மூலையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். உண்மைதான். வாயைச் சுற்றி அந்த இரண்டு பள்ளங்களும் தூர்ந்து, தோல் நீவிவிட்ட துணிபோல இருந்தது.

போனை வைத்துவிட்டுப் பையைத் துழாவினாள். கிரீம் டப்பா அடியில் கிடந்தது.

மூடியின் மேல் ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை.

இதற்குப் பயந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பயம் வரவில்லை. அந்த நாட்களில் எதுவுமே வரவில்லை. மாத்திரை வாங்க வந்தவர் சத்தம் போட்டால் கோபம் வரவில்லை. சவரிமுத்துவின் நினைவு நாளன்று அழுகை வரவில்லை. உள்ளே யாரோ எல்லாவற்றையும் பெருக்கி, கழுவிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனது மாதிரி இருந்தது. அது அவளுக்குச் சுகமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் ரோஸ்லின் மறுபடி அழைத்தாள். கிளினிக்கில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிச் சிரித்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"என்னம்மா, சிரிக்கவே மாட்டேங்கற?"

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

திரையில் மகளின் முகம் மெல்ல மாறியது.

*

கார்த்திகை பிறந்த வாரம் வார்டில் ஒரு சாவு. மாணிக்கம் என்ற எண்பது வயது விவசாயி. நெஞ்சுச் சளியோடு நான்கு நாள் மல்லாடிவிட்டு, காலை பத்து மணிக்கு அடங்கினார். மேரி காஸ் துணியால் அவர் தாடையைக் கட்டினாள். கட்டிக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. எப்போதும் நடப்பதுதான். வலியில் இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது. முதலில் தளர்வது வாயோரம். எத்தனை வருடத்துக் கோடுகளானாலும், உயிர் போன கொஞ்ச நேரத்தில், தண்ணீரில் போட்ட காகிதம்போல விரிந்துவிடும். உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தூங்குவது மாதிரியே இருக்கிறார் என்பார்கள்.

கை கழுவத் தொட்டிக்குப் போனாள். மேலே ஒரு சின்னக் கண்ணாடி.

அவள் அந்த முகத்தை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அதே தளர்ச்சி. அதே சமாதானம்.

குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துத் தன் கையில் சுற்றினாள். எண்பது, ஐம்பது. நாடி நிமிடத்துக்கு நாற்பத்தாறு. வேறு யாருக்காவது இருந்தால் ஓடிப்போய் டிரிப் ஏற்றியிருப்பாள்.

வராந்தாவில் சின்னுசாமி நின்றிருந்தார். வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் போல.

"டூட்டி ரூமுல படுத்தீங்களா?" என்று கேட்டார்.

மேரி கையில் சுற்றியிருந்த பட்டையை அவிழ்த்தாள்.

"உங்களுக்கு முன்னால இருந்த மைதிலி சிஸ்டருக்கும் இந்த மொகந்தானுங்க. நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு எல்லாரும் சொன்னோம். ஒரு நா மத்தியானம் படுத்தவங்க எந்திரிக்கல. மாரடைப்புன்னு எழுதுனாங்க. நாப்பத்தி நாலு வயசு. பாத்தா பதினாறு வயசுப் புள்ளையாட்ட இருந்தாங்க."

"யாரு அது? அந்தக் கை?"

சின்னுசாமி வார்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாவாயின்னு ஒருத்திங்க. இருவத்தெட்டு வருசம் இங்க ஆயாவா இருந்தா. செத்தவங்களக் கழுவித் தொடைக்கிறது அவதான். வலியில போனவங்க மொகம் எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களே. அப்பிடியே சொந்தக்காரங்க கையில குடுக்க மாட்டா. வெளக்கெண்ணையத் தொட்டு, கட்டவெரலால வாயோரத்த நீவுவா. அரை மணி நேரமானாலும் விட மாட்டா. போதுங் கண்ணு, போதுங் கண்ணுன்னு பேசிக்கிட்டே நீவுவா. மொகம் கொழந்தை மொகமாட்ட ஆயிரும்."

"அவங்க எப்படி..."

"மூணு வருசமாச்சுங்க. மழைக்காலம், மலை பூராக் காச்சல். ஆறு நாளு ஊட்டுக்கே போகல அவ. மாத்தி வுட ஆளில்ல. ஏழாம் நாளு மத்தியானம் அந்த ரூமுல போயி உக்காந்தா. பொழுது சாயத்தான் பாத்தோம். வாயி ஒரு பக்கமா இழுத்து, அப்பிடியே வெறச்சுக் கெடந்துச்சு. ஊருக்கெல்லாம் நீவி வுட்டவளுக்கு நீவி வுட ஆளில்லாமப் போச்சுங்க."

அவர் வெற்றிலைச் சாற்றை விழுங்கினார்.

"கெட்டவ இல்லீங்க சிஸ்டரம்மா. அவளுக்கு இப்பப் பிரிச்சுப் பாக்கத் தெரியறதில்ல. செத்தவங்களும் களைச்சவங்களும் அவ கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியறாங்க. வாயி அசஞ்சுக்கிட்டே இருந்தாக் கிட்ட வர மாட்டா. நான் எதுக்கு இந்தக் கருமத்தப் பொழுதன்னிக்கும் மெல்லறேன்னு நெனைச்சீங்க?"

*

இதையெல்லாம் கேட்ட பிறகும் ஆரோக்கியமேரி மறுநாள் இரண்டு மணிக்கு டூட்டி ரூம் வாசல் வரை போனாள்.

பின்னாளில் அவள் யாரிடமும் சொல்லாத சங்கதி அது. தெரிந்தேதான் போனாள். கதவைத் தள்ளினாள். கட்டில் தெரிந்தது. உள்ளே எண்ணெய் மணம் காத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை, இன்று மட்டும், என்று நினைத்தாள். அதன் பிறகு எழுந்தால் எழுவது, எழாவிட்டால் போகிறது. அதில் துக்கமே இல்லை. அதுதான் அதில் இருந்த பயங்கரம். அவளுக்கோ பயங்கரமாகவும் படவில்லை.

"போதுங் கண்ணு" என்றது இருட்டு. "வா."

ஒரு கால் வாசற்படியைத் தாண்டியது.

அந்த நேரத்தில் பிரசவ அறையிலிருந்து டாக்டர் விஷ்ணு கத்தினார். "சிஸ்டர்! சீக்கிரம் வாங்க! பிளீடிங் நிக்கல!"

*

கவிதாவுக்கு இருபத்திரண்டு வயது. முதல் பிரசவம். ஒற்றையடிப் பாதை மட்டுமே உள்ள ஊரிலிருந்து கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒன்றரை நாள் வலிக்குப் பிறகு, சற்று முன் மேரியின் கையில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை நன்றாக இருந்தது. ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டாயிற்று, டிரிப் ஏற்றியாயிற்று. மேரி அவள் அடிவயிற்றைக் கையால் பிசைந்தபடியே இருந்தாள். கொஞ்சம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

"கீழ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாகணும்" என்றார் டாக்டர். "ரத்தம் ஏத்தணும். நூத்தியெட்டு வேற கேஸுக்குப் போயிருக்கு. நம்ம வண்டியிலயே போங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

ஆஸ்பத்திரி வண்டியின் டிரைவர் தனபால் அன்று காலைதான் இரண்டு நடை போய்வந்திருந்தான். முந்தின நாள் இரவும் அவன்தான். கண் சிவந்திருந்தது. சாவியை எடுத்துக்கொண்டான். பின்னால் ஸ்ட்ரெச்சரில் கவிதா. அவள் பக்கத்தில் மேரி. எதிரே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கவிதாவின் அம்மா அத்தாயி. கதவைச் சாத்தினார்கள். மணி இரண்டரை. பனியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

வளைவுகளை எழுபதிலிருந்து எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பலகையில் எண் எழுதியிருக்கும். அறுபத்தெட்டு. அறுபத்தேழு.

அறுபத்துமூன்றில் எண்ணெய் மணம் வந்தது.

மேரியின் கை கவிதாவின் வயிற்றின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

கவிதாவின் முகம் வலியில் சுருங்கியிருந்தது. வயதுக்கு மீறிய இரண்டு கோடுகள் அவள் வாயோரத்தில் விழுந்திருந்தன. இடது கோட்டின் மேல்முனையில் தோல் லேசாக அமிழ்ந்தது. ஒரு கட்டைவிரல் அளவுக்கு.

அந்தக் குழி நகர்ந்தது.

மெதுவாக இறங்கியது. அது போன தடத்தில் தோல் மினுங்கியது. கோடு இல்லை.

"போதுங் கண்ணு."

"சிஸ்டரு, ஏதாச்சும் சொன்னீங்களா?" என்றாள் அத்தாயி.

மேரி கவிதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நழுவி நழுவி ஓடியது. "கவிதா! கண்ணைத் திற! கவிதா!" கன்னத்தில் தட்டினாள். கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல் நின்றது. வலது பக்கத்திலும் குழி விழுந்தது.

"வலிக்கவே இல்லீங்கக்கா" என்று முணுமுணுத்தாள் கவிதா. "நல்லா இருக்குது..."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மேரிக்குள் எங்கோ ஒரு தாழ்ப்பாள் தெறித்தது. அந்தச் சுகம் என்னவென்று அவளுக்குத் தெரியும். அரை மணி நேரத்துக்கு முன் அதன் வாசலில்தான் நின்றிருந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தால் பாவாயி கிட்ட வர மாட்டாள் என்று சின்னுசாமி சொன்னது நினைவுக்கு வந்தது.

"அம்மா!" என்று அத்தாயியிடம் திரும்பினாள். "இவளுக்குக் கோபம் வர்ற மாதிரி எதையாவது சொல்லுங்க. உடனே!"

"ஏனுங்க?"

"கேட்காதீங்க! இவளுக்கு எதைச் சொன்னா பத்திக்கிட்டு வரும்?"

அத்தாயி விழித்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவளும் எதையோ கண்டிருக்க வேண்டும். அவள் காதருகே குனிந்தாள்.

"ஏ கவிதா... உன்ற மாமியா சொல்லிட்டாளாம். புள்ளைக்கு அவ பேருதான் வெக்கோணுமாம். குப்பாயின்னு."

ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பத்தொன்பதாவது வளைவில் வண்டி திரும்பியது.

"உன்ற ஊட்டுக்காரரும் செரின்னுட்டாரு. ரேசன் கார்டுல எழுதப் போறாங்களாம். குப்பாயி!"

கவிதாவின் புருவம் அசைந்தது. உதடு கோணியது. மேலுதட்டின் ஓரத்தில் ஒரு சுருக்கம், ஊசிமுனை அளவுக்குத்தான், எழும்பியது.

"மாட்டேன்..." என்றாள். "அந்தப் பேரு... நான் வெக்க மாட்டேன்..."

"வெச்சுத்தான் ஆகோணும்!"

"மாட்டேம்மா!" வெடித்து அழுதாள் கவிதா. இரண்டு கோடுகளும் திரும்ப வந்து வாயைச் சுற்றி இறுகின. வலியும் திரும்பியிருக்க வேண்டும். "அய்யோ அம்மா" என்று அலறினாள். அதைக் கேட்டுக் குழந்தையும் வீறிட்டது. மேரி அந்த அழுகைக்கு மேலாகக் காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"இவ சாகல பாவாயி. களைச்சிருக்கா, அவ்வளவுதான். விடு."

மணம் நின்றது. பின்பகுதியிலிருந்து விலகியது.

முன்பக்கம் போயிற்று.

மேரி நிமிர்ந்து டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். தனபாலின் முகம் தெரிந்தது. முப்பத்தெட்டு வயதுக்காரன். வெயிலும் பீடியும் உழுத முகம். இப்போது அதில் எதுவும் இல்லை. கண்கள் திறந்திருந்தன. வாய் லேசாகத் திறந்து, ஒரு குழந்தை உறங்குவதுபோல.

ஐம்பத்தெட்டு என்ற மஞ்சள் பலகை பனிக்குள்ளிருந்து நேராக வந்தது.

வண்டி திரும்பவில்லை.

"தனபால்!" மேரி முன்சீட்டின் மேல் பாய்ந்து அவன் தோளில் ஓங்கி அறைந்தாள். "தனபால்! பிரேக்!"

சக்கரம் சரளையில் கிறீச்சிட்டது. தடுப்புச் சுவரில் முன் பம்பர் உரசிக்கொண்டு நின்றது. சுவருக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. எங்கோ ஆழத்தில் ஒரு கல் உருண்டு, உருண்டு, சத்தம் தேய்ந்தது.

தனபால் மூச்சு வாங்கினான். "என்னாச்சுங்க சிஸ்டர்? நான் முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"திட்டுங்க" என்றாள் மேரி.

"ஆரைங்க?"

"யாரையாவது. உங்களை ராத்திரி பகலா ஓட்ட வைக்கிறவங்களை. வாயை மூடாம திட்டிக்கிட்டே ஓட்டுங்க. நிறுத்தினா நாம அஞ்சு பேரும் கீழ கிடப்போம்."

அவன் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு ரிவர்ஸ் போட்டான். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். மாற்று டிரைவர் போடாத ஆபீசை. போன வருடம் தராத லீவை. ஐம்பதாவது வளைவில் சூடு பிடித்தது. தேய்ந்த டயரை, அதை மாற்றச் சொன்னால் அடுத்த மாதம் என்பவனை. நாற்பத்திரண்டில் அத்தாயியும் சேர்ந்துகொண்டாள். ரோடு போடுவதாகச் சொல்லிவிட்டு ஓட்டு வாங்கிப் போனவர்களை, கட்டில் தூக்க வராத பங்காளிகளை. கவிதா இடையிடையே மாமியாரை. மேரி கவிதாவின் வயிற்றைப் பிசைந்தபடி தன் பங்குக்கு, பிளாஸ்டிக்கில் சுற்றித் தந்தவர்களை, பதில் எழுதாதவர்களை, தன்னை இப்படி விட்டுப்போன சவரிமுத்துவைத் திட்டினாள். அவரைத் திட்டும்போது அழுகை வந்தது. விட்டுப்போன அத்தனை அழுகையும் சேர்ந்து வந்தது.

முப்பது. இருபது. பத்து. ஒரு வண்டி முழுக்க வசவும் அழுகையுமாக மலையிலிருந்து இறங்கியது. அடிவாரத்துக் காரவள்ளியில் பனி விலகி வெயில் அடித்தது.

*

பெரியாஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள். கவிதாவை உள்ளே தள்ளிக்கொண்டு போய் ரத்தம் ஏற்றினார்கள். ஐந்து மணிக்கு ஒரு டாக்டர் வெளியே வந்து, ரத்தப்போக்கு நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்றார். அத்தாயி மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தனபால் வண்டிக்குள் போகப் பயந்து, டீக்கடை வாசலில் நின்று யாரோ தெரியாத ஆளோடு பேசிக்கொண்டிருந்தான்.

மேரி முகம் கழுவப் போனாள். கண்ணாடியில் கோடுகள் திரும்பியிருந்தன. முன்னைவிட ஆழமாக, கறுத்து. இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். தொட்டால் வலித்தது. நன்றாக இருந்தது.

ரோஸ்லினுக்கு போன் செய்து, "நான் நல்லா இருக்கேன்டி, ரொம்பச் சோர்வா இருக்கு, ஆனா நல்லா இருக்கேன்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பு கன்னத்தை இழுத்ததை உணர்ந்தாள்.

பிறகு வார்டுக்குப் போகும் நீண்ட நடைபாதைக்குத் திரும்பினாள்.

அது நோயாளிகளோடு வந்தவர்கள் படுக்கும் இடம். இரு பக்கமும் பாய், போர்வை, சாப்பாட்டுத் தூக்குப்போசி, தண்ணீர் பாட்டில். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். எத்தனையோ நாளாகக் காத்துக் கிடப்பவர்கள். வரும்போது அந்த இடம் இருமலும் குழந்தை அழுகையும் போன் சத்தமுமாக இரைந்துகொண்டிருந்தது.

இப்போது ஒரு குறட்டைச் சத்தம்கூட இல்லை.

எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நடைபாதை முழுக்க விளக்கெண்ணெய் மணம்.

வண்டியிலிருந்து கவிதாவை இறக்கினார்கள், குழந்தையை இறக்கினார்கள். இன்னொருத்தியும் கூடவே இறங்கியிருக்கிறாள் என்பது மேரிக்கு அப்போதுதான் உறைத்தது. மலையில் ஆறு கட்டில்தான் இருந்தது அவளுக்கு.

மேரி இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள்.

"எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! எந்திரிங்க!"

ஒருவர் புரண்டார். ஒரு பெண் திடுக்கிட்டு உட்கார்ந்தாள். மேரி நடந்துகொண்டே தட்டினாள், தரையில் காலால் ஓங்கி மிதித்தாள், ஒரு தூக்குப்போசியை எடுத்துச் சுவரில் அடித்தாள். பாய்க்குப் பாய் தலைகள் எழுந்தன. "ஏம்மா, அறிவில்ல?" "இது என்ன ஆஸ்பத்திரியா, சந்தையா?" "நாலு நாளைக்கப்பறம் இப்பத்தான் கண்ண மூடுனேன், வந்துட்டா!" எல்லா முகமும் சுளித்தது. எல்லா வாயோரத்திலும் கோடு. அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லத் தோன்றும் மனசோடு, அவள் கோடிவரை போனாள்.

கோடியில் தூணோரம் ஒருவர் மட்டும் எழவில்லை.

பக்கத்துப் பாயிலிருந்தவர் அவரை உலுக்கினார். "ஏனுங்க பெரியவரே... சம்சாரத்தச் சேத்திட்டு எட்டு நாளாப் பொட்டுத் தூக்கமில்லாம இருந்தாருங்க. எழுவத்தஞ்சு வயசு, பாவம்."

மேரி குனிந்தாள். நாடி பார்க்கக் கை நீட்டியவள், அந்த முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

எழுபத்தைந்து வயது முகத்தில் ஒரு கோடு இல்லை.

அவருக்கு அந்தப் பக்கம், கைக்குழந்தையோடு ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்தச் சத்தத்தில் விழித்தவள்தான். மேரியைப் பார்த்து முறைத்துக்கொண்டும் இருந்தாள். முறைப்பு பாதியில் நின்றது. எதையோ கேட்பவள்போலத் தலையைச் சாய்த்தாள்.

"ஆமா" என்றாள் யாருக்கோ. "ரொம்பக் களைப்பா இருக்குதுங்க."